நேரம் தவறும் கம்ப்யூட்டரும் பழி சுமக்கும் தொழிலாளியும்

தொழிற்சாலையில் விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தி பெரும்பாலும் நான்கு வரிதான். தொழிலாளியின் பெயர், வயது, சொந்த ஊர், பிறகு “கவனக்குறைவால் இயந்திரத்தில் கை சிக்கியது” என்று ஒரு வாக்கியம். பகலில் ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் மற்ற நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவனாகவும் இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். யாருடைய கவனக்குறைவு என்ற கேள்விதான் அந்த நான்கு வரிக்குள் அடங்குவதில்லை.

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் நம்மவர்கள் நின்று வேலை பார்க்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளே இன்று ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் லிப்டிலும், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பம்ப்பிலும், காரின் பிரேக்கிலும், ரயில் சிக்னலிலும் அது இருக்கிறது. இயந்திரத்துக்குள் பொதிந்து வைத்திருப்பதால் இதை ‘எம்பெடட்’ கம்ப்யூட்டர் என்கிறார்கள். அதற்குள்ளே எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்று நேரம் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவர் உண்டு. அவருக்கு ‘ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் இது இன்ஜினீயர்கள் விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த மேஸ்திரி தாமதித்தால் விரலை இழப்பவன் இயந்திரத்தின் முன் நிற்பவன்தான். வேலையை இழப்பவனும் அவனேதான்.

வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு

ரியல் டைம் என்றால் அதிவேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு நாள் அரைமணி முன்னதாகவும் மறுநாள் ஒரு மணி பிந்தியும் வரும் எக்ஸ்பிரஸ்ஸை நம்பி ஷிப்டுக்குப் போகிறவன் எவனும் இல்லை. மெதுவாகப் போனாலும் தினமும் 7-40-க்கு வந்து நிற்கும் பாசஞ்சரைத்தான் நம்புகிறோம். ரியல் டைம் கம்ப்யூட்டரும் அந்தப் பாசஞ்சர் வண்டியைப் போலத்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் அது முடிந்தாக வேண்டும், ஒருமுறைகூடத் தவறாமல்.

ஒரு பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னால் ‘லைட் கர்ட்டன்’ என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கும். கை உள்ளே போனால் ஒளி தடைபடும். உடனே பிரஸ் நிற்க வேண்டும். இந்தத் திரையை டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? அதற்கு ஒரு கணக்கு உண்டு. மனிதனின் கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகக்கூடும் என்று வைத்துக்கொள்வார்கள். ஒளி தடைபட்டதிலிருந்து பிரஸ் முழுவதும் நிற்கப் பத்தில் ஒரு விநாடி ஆகுமானால், அதற்குள் கை 20 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே திரை குறைந்தது அந்த அளவாவது தள்ளி நிற்க வேண்டும்.

கவனியுங்கள். அந்த 20 சென்டிமீட்டர் இடைவெளி “பத்தில் ஒரு விநாடிக்குள் நிற்பேன்” என்ற இயந்திரத்தின் வாக்குறுதியை நம்பி விடப்பட்டது. நூறு நாள் வாக்கைக் காப்பாற்றிவிட்டு, நூற்றோராவது நாள் பத்தில் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால் பிரஸ் நிற்கத்தான் செய்யும்; விரல் இருக்காது. ‘நில்’ என்ற கட்டளை சரியானதுதான். ஆனால் கெடு தாண்டி வந்த சரியான விடை தவறான விடைக்குச் சமம்.

இந்த வாக்குறுதியை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சரிபார்க்கவும் முடியும். லியு, லேலண்ட் என்ற இருவர் 1973-லேயே இதற்கு வழி சொன்னார்கள். திரும்பத் திரும்ப வரும் வேலைகளில், அடிக்கடி வருவதற்கு அதிக முன்னுரிமை என்று வைத்து, மொத்தச் சுமை கம்ப்யூட்டரின் நேரத்தில் சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால், வேலைகள் எத்தனை இருந்தாலும் ஒன்றுகூடக் கெடு தவறாது என்று நிரூபித்தார்கள். ஆகவே “கம்ப்யூட்டர் விஷயம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது” என்று விற்பவர்கள் கையை விரிப்பதை ஏற்பதற்கில்லை. கேட்டால் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

கண்ட்ரோலர் செய்யும் வேலை

உள்ளே நடப்பது ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. செக்ஷன் கண்ட்ரோலர் என்ன செய்கிறார்? எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் கூட்ஸை லூப் லைனில் ஒதுக்குகிறார். எக்ஸ்பிரஸ் போன பிறகு கூட்ஸுக்கு வழி விடுகிறார். கம்ப்யூட்டர் மேஸ்திரியும் அப்படியே. அவசர வேலை வந்தால் நடந்துகொண்டிருக்கும் சில்லறை வேலையை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு வழி விட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கூட்ஸ் சிக்னலுக்காக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் அதே லைனில் எக்ஸ்பிரஸ் வந்து நின்றுவிட்டது. ஸ்டேஷனிலோ, கூட்ஸைவிடப் பாசஞ்சருக்குத்தான் முன்னுரிமை என்று, கிளை லைனில் வரும் பாசஞ்சர்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் விதி மீறப்படவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்த எக்ஸ்பிரஸ் கூட்ஸின் பின்னால் தவம் கிடக்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இதை முன்னுரிமை தலைகீழாவது என்பார்கள்.

1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் பாத்பைண்டர் கலத்தில் இதுதான் நடந்தது. வானிலை விவரம் சேகரிக்கும் கடைநிலை வேலை ஒரு பொதுப் பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையாய வேலை அதற்காகக் காத்து நின்றது. இடைநிலையில் இருந்த தகவல் தொடர்பு வேலையோ கடைநிலை வேலையை நகர விடவில்லை. தலையாய வேலை கெடு தவறியதும் உள்ளிருந்த காவல் ஏற்பாடு கம்ப்யூட்டரையே நிறுத்தித் திரும்ப ஓட வைத்தது. மறுபடியும், மறுபடியும் இப்படியே.

இதற்கு மருந்து முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. வழியை மறிக்கும் கூட்ஸுக்கு, அது விலகும் வரை, பின்னால் நிற்கும் எக்ஸ்பிரஸ்ஸின் முன்னுரிமையைக் கொடுத்துவிடு என்பதே அது. இந்த முறையை விளக்கி 1990-ல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மற்ற இருவர் லூய் ஷா, ஜான் லெஹோட்ஸ்கி. பாத்பைண்டரில் இருந்த வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற மேஸ்திரிக்கு அந்த முறை தெரியும். ஆனால் அந்த இடத்தில் அதை இயக்கி வைக்கவில்லை. பூமியிலிருந்தே அதை இயக்கினார்கள்; கோளாறு நின்றது.

பாத்பைண்டரில் மனிதர் யாரும் இல்லை. அதனால் யார் தலையிலும் பழி போட வழியில்லை. உண்மைக் காரணத்தைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். மனிதர் பக்கத்தில் நிற்கும் இடங்களில் நடப்பது வேறு.

‘மால்பங்ஷன் 54’

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். கனடா நாட்டு அரசு நிறுவனம் தயாரித்தது. இதன் முந்தைய மாடலில், தவறான அளவு கதிர் போகாமல் தடுக்கக் கம்ப்யூட்டரைச் சாராத தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, எல்லாப் பொறுப்பையும் கம்ப்யூட்டர் புரோகிராமிடம் ஒப்படைத்தார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர் பாய்ந்தது.

டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் என்ற ஊரில் 1986 மார்ச் 21-ல் நடந்ததைப் பாருங்கள். இயந்திரத்தை இயக்கிய பெண் நல்ல அனுபவசாலி. சிகிச்சை வகையை ஓர் எழுத்து மாற்றி அடித்துவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தி, மளமளவென்று மற்றதை முடித்தார். கம்ப்யூட்டர் அப்போது காந்தங்களைச் சரிசெய்யும் வேலையில் இருந்தது. அதற்குச் சுமார் 8 விநாடி பிடிக்கும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை அது கவனிக்கவே இல்லை. திரையில் திருத்திய எழுத்து. உள்ளே பழைய அமைப்பு. ‘மால்பங்ஷன் 54’ என்று திரையில் வந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குநருக்குக் கொடுத்த புத்தகத்தில் விளக்கம் இல்லை. இந்த மாதிரி எண்கள் அடிக்கடி வருவதும், ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை தொடர்வதும் அங்கே சகஜம். அவர் அழுத்தினார். நோயாளிக்கு விதித்த அளவைப்போல் சுமார் நூறு மடங்கு கதிர் பாய்ந்தது.

கம்பெனி இன்ஜினீயர்கள் வந்து பார்த்தார்கள். கோளாறைத் திரும்ப வரவழைக்க அவர்களால் முடியவில்லை. அளவு மீறிக் கதிர் போக வாய்ப்பே இல்லை என்றார்கள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11-ல் அதே ஊரில், அதே அறையில், அதே எண். இரு நோயாளிகளும் பின்னர் இறந்தார்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தது கம்பெனி அல்ல. அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணர் பிரிட்ஸ் ஹேகரும் இயந்திரத்தை இயக்கிய அந்தப் பெண்ணும் உட்கார்ந்து, அன்று செய்ததை அப்படியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வேகமாகத் திருத்தினால் கோளாறு வருகிறது. மெதுவாகத் திருத்தினால் வருவதில்லை. சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தட்டச்சு மெதுவாக வந்ததால் கோளாறு அவர்கள் கண்ணில் படவில்லை. வேலையில் தேர்ந்த தொழிலாளியின் கைவேகமே அந்த இயந்திரத்தின் குறையை வெளிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்டவரைக் கவனக்குறைவு என்ற ஒரு சொல்லால் மூடியிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள்!

எவ்வளவு நேரம் என்று சொல்லாத எச்சரிக்கை

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நேரம். சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் காவலுக்கு வைத்திருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. படைவீரர் குடியிருப்பில் 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

காரணம் கடிகாரம். அந்தக் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் எண்ணியது. அதன் எண் முறையில் பத்தில் ஒன்றை மிச்சமில்லாமல் எழுத முடியாது. கடைசியில் ஒரு துளி வெட்டுப்படும். இயக்கி வைத்ததிலிருந்து நேரம் ஆக ஆக அந்தத் துளி சேர்ந்துகொண்டே போகும். 100 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடியதில் தவறு 0.34 விநாடி ஆகிவிட்டது. விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஸ்கட் வரும் வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கும் மேல். ஆகாயத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அமைப்பு.

இதில் நெஞ்சைச் சுடும் விஷயம் வேறு. இரண்டு வாரம் முன்பே, பிப்ரவரி 11-ல், இஸ்ரேல் நாட்டவர் இந்தக் குறையைக் கண்டு சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி 21-ல் களத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போயிற்று. “மிக நீண்ட நேரம்” ஓடவிட்டால் குறி விலகும் என்று அதில் இருந்தது. மிக நீண்ட நேரம் என்றால் 8 மணியா, 20 மணியா, 100 மணியா என்று சொல்லவில்லை. அவ்வப்போது நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினாலே போதும். பிழை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதைச் செய்யக்கூடிய மனிதர் அங்கேயே இருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் எண். அது கிடைக்கவில்லை. திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26-ல், மறுநாள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. போயிங் 787 விமானத்தில் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்கள் 248 நாள் இடைவிடாமல் ஓடினால், உள்ளிருக்கும் எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடும் என்று சோதனைச்சாலையில் தெரிந்தது. 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது: நாள் கணக்கைச் சொல்லி, அதற்கு முன்பே விமானத்தின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடு என்று. குறை உள்ள இயந்திரந்தான். ஆனால் எண் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு தாளில் எழுதிய பட்டியல்

1969 ஜூலை 20-ல் அப்பல்லோ-11 சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கம்ப்யூட்டரில் ‘1202’ என்ற எச்சரிக்கை எண் வந்தது. தேவையில்லாத ஒரு ராடாரிலிருந்து வந்த சைகைகள் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. வேலை மிஞ்சிவிட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். அந்தக் கம்ப்யூட்டரின் மேஸ்திரி சில்லறை வேலைகளைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. அப்படி அமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

அந்தப் பாராட்டில் பாதி, பூமியில் இருந்த ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞருக்குச் சேர வேண்டும். சில வாரம் முன்பு நடந்த ஒத்திகையில் இதைப்போன்ற எண் ஒன்று வந்து, பொருள் தெரியாமல் தேவையின்றிப் பயணத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஒத்திகை முடிந்ததும் தலைமை அதிகாரி யாரையும் தண்டிக்கவில்லை. எல்லா எண்களையும் ஆராய்ந்து, எதற்கு நிற்க வேண்டும், எதற்குத் தொடரலாம் என்று எழுதச் சொன்னார். கார்மன் கையால் எழுதிய அந்தப் பட்டியல், அன்று அவர் மேஜையில் இருந்தது. “தொடரலாம்” என்ற பதில் சில விநாடிகளில் போயிற்று. சந்திரனில் மனிதன் இறங்கினான்.

டைலர் ஆஸ்பத்திரியில் ‘54’ என்ற எண்ணைப் பார்த்த பெண்ணிடம் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால்? அங்கேயும் இங்கேயும் இருந்த வித்தியாசம் ஒரு தாள்தான்.

நம் நாட்டிலும் இதே கதை

2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாலசோர் அருகே பகானகா பஜார் ஸ்டேஷனில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் நின்ற கூட்ஸ் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் சில நாட்கள் டிரைவரைப் பற்றியும் பேசினார்கள், எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் கம்ப்யூட்டரைப் பற்றியும் பேசினார்கள். பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் தெரிந்தது என்ன? லெவல் கிராசிங் கேட்டின் கருவிப் பெட்டியில் ஒயர்களின் அடையாள எழுத்துகள் தவறாக இருந்தன. அதை யாரும் ஆண்டுக்கணக்கில் திருத்தவில்லை. அதன் விளைவாக இணைப்பு மாறிப்போயிற்று. கம்ப்யூட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் அருகில் வேலை செய்பவன் கையில் இருக்கும் சீட்டு தவறானால் எல்லாம் தவறு.

இன்று நம் ரயில்வேயில் ‘கவச்’ என்ற தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாட்டை நிறுவி வருகிறார்கள். வரவேற்க வேண்டியதே. சிவப்பு சிக்னலைத் தாண்டும் வண்டியை அது தானே நிறுத்தும். அதோடு, அதைப் பராமரிக்கும் கலாசியின் கைக்கும் டெக்னீஷியனின் கைக்கும் அவர்கள் படிக்கும் மொழியில் தாள் போக வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோருக்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் புதிய தொகுப்பு இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம், நியாயம் மாறவில்லை. சுவரில் தொங்கும் அறிவிப்புக்கு இருந்த அந்த நியாயம், இயந்திரத்தின் திரையில் வரும் எண்ணுக்கு ஏன் இல்லை? இந்த மாநிலத்தில் முதலில் கன்னடத்தில் வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கூடவே, அந்த இயந்திரத்தில் நிற்பவனின் மொழியிலும் வேண்டும், அது தமிழானாலும் ஒடியாவானாலும் இந்தியானாலும்.

கேட்க வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு தாள். எந்த எண் வந்தால் நிறுத்த வேண்டும், எதற்குத் தொடரலாம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டுமென்றால் அந்த எண்ணும் இருக்க வேண்டும். “அதிக நேரம்” என்று எழுதினால் போதாது.

இரண்டாவது, கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொல்லி, கையால் அழுத்தும் அவசர நிறுத்தத்தையும் தனிப் பூட்டுகளையும் எடுத்துவிடக் கூடாது. தெராக் கற்றுத் தந்த பாடம் இது. உற்பத்தி குறைகிறது என்று லைட் கர்ட்டனைச் செயலிழக்கச் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, விபத்து நடந்தால் தொழிலாளிக்கு மெமோ கொடுப்பதற்கு முன்னால் இயந்திரத்தின் உள்ளே பதிவான விவரத்தை வெளியே எடுத்து, கம்பெனியைச் சாராத ஒருவர் பார்க்க வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளியும் தொழிற்சங்கமும் பார்க்க உரிமை வேண்டும்.

இதெல்லாம் வியாபார ரகசியம் என்பார்கள் சிலர். புரோகிராமை யாரும் கேட்கவில்லை. எண்ணின் பொருளைத்தான் கேட்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி.கூடத் தாண்டாதவனுக்கு இது எங்கே விளங்கும் என்பார்கள் வேறு சிலர். இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் மெட்ரிக்தான். “54 வந்தால் நிறுத்து” என்பது யாருக்குத்தான் விளங்காது?

அரசையும் முதலாளிகளையும் மட்டும் எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட புரோகிராம்களை எழுதும் தமிழ் இன்ஜினீயர்கள் இதே பெங்களூரில் இருக்கிறார்கள். பிரஸ் முன் நிற்கும் தமிழர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். நம் சங்கங்கள் பொங்கல் விழாவில் இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைக்கின்றன. ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, ஒரு இயந்திரத்துக்கு ஒரு தாள் என்று எழுதச் செய்யலாமே! பேட்டைக்குப் பேட்டை தொழிற்சங்கங்கள் அதை அச்சிட்டுக் கொடுக்கட்டும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் பரிசோதனைக்கு வரும்போது “தாள் எங்கே?” என்று கேட்கட்டும்.

இயந்திரம் நேரம் தவறாமல் இருக்கக் கணக்கு உண்டு, முறை உண்டு, அதை எழுதிய அறிஞர்கள் உண்டு. தவறும் நாளில் அதன் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?